போறணைக் கதவைத் தட்டியவர்

போறணையைப் போடுவதற்கு முன் பக்கத்து வீட்டு அம்மா அதன் கதவைத் தட்டுவார். விரல் முட்டியால் கண்ணாடியில் இரண்டு தட்டு. பிறகு குனிந்து, வாசலில் நிற்கும் ஆளிடம் கேட்பதுபோலக் கேட்பார்.

"உள்ளுக்க யாரு? எல்லாரும் வெளிய வாங்க, சுடப் போறன்."

எங்கள் தெருவில் மற்ற எல்லோருக்கும் அது ஓவன்தான். அவர் ஒருவர்தான் பேக்கரிகளில் செங்கல்லால் கட்டிய பெரிய அடுப்புக்குச் சொல்லும் பெயரை அந்த வெள்ளை மின்சாரப் பெட்டிக்கும் வைத்திருந்தார். லண்டனிலிருக்கும் மகன் அனுப்பிய பணத்தில் வாங்கியது. வாவிப் பக்கம் பார்த்த சமையலறையில், ஜன்னலுக்குக் கீழே, ஒரு மரப்பெட்டியின் மேல் அது இருந்தது.

தட்டிக் கேட்பது வெறும் விளையாட்டல்ல. எங்கள் ஊரில் ஓவன் என்பது நத்தார்ப் பண்டிகைக்கும் பிறந்தநாளுக்கும் மட்டும் சூடாகிற அலுமாரி. மற்ற நாட்களில் அதற்குள் அப்பளப் பக்கெட், உப்புப் போத்தல், நெருப்புப்பெட்டி, விருந்தாளிக்கென்று எடுத்து வைத்த பிஸ்கட் எல்லாம் குடியிருக்கும். எலி புகாது. மாரியில் வாவியின் ஈரம் வீட்டுக்குள் வந்து செருப்பிலும் பெல்டிலும் பூஞ்சணம் பூக்கும்போது, கதவில் ரப்பர் வைத்த அந்தப் பெட்டி ஒன்றுதான் காய்ந்திருக்கும். பிறகு ஒரு நாள் யாரோ அவசரத்தில் உள்ளே பார்க்காமல் சுவிட்சைத் திருகுவார்கள். என் மருமகளே அப்படி மா அரிக்கும் ஒரு நீலப் பிளாஸ்டிக் அரிதட்டை உருக்கிவிட்டாள். மணம் பிடித்து வேலிக்கு அப்பாலிருந்து வந்தவர், கம்பித்தட்டில் தொங்கிக்கொண்டிருந்த நீலக் கூழைப் பார்த்துச் சிரித்தார்.

"தட்டாமப் போட்டா இப்பிடித்தான் புள்ள. உள்ளுக்க இருக்கிறவங்க என்ன செய்வாங்க, பாவம்?"

நான் ஓய்வு பெற்ற விஞ்ஞான ஆசிரியன். மனைவி போன பிறகு மகன் வீட்டில் இருந்தேன். கையில் டெஸ்டரும் திருப்புளியும் இருந்தால் நேரம் போகும். அதனால் தெருவில் யாருடைய மின்விசிறி நின்றாலும் என்னைக் கூப்பிடுவார்கள். அவர் என்னை சேர் என்பார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர் என்பதால் நான் அவரை அக்கா என்பேன். உயரமான, எலும்பு தெரிகிற உடம்பு. மெதடிஸ்ட் கோயிலில் பாட்டு வகுப்புக்குப் போவார், பாட்டு வராது. "வாய மட்டும் அசைக்கிறன் சேர். ஆண்டவருக்குக் காது நல்லாக் கேக்கும், ஏன் வம்பு?" என்பார்.

ஆட்களை அவர் கேக்கைப் பார்ப்பது போலத்தான் பார்த்தார். புதிதாக வந்த இளம் போதகர் எப்படி என்று கேட்டேன். "மேல நிறம் வந்திட்டு. நடு வேகல்ல. இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்." வாய் ஓயாமல் தன்னைப் பற்றியே பேசும் ஒருவரைப் பற்றி: "அப்பச்சோடா கூடிப்போச்சு." ஒரு தடவை மருமகள் என்னைக் காட்டி, "அப்ப மாமா எப்பிடி அன்ரி?" என்று கேட்டாள்.

"சேரா? சேர் நல்லா வெந்த ஆள். ஈர்க்குக் குத்திப் பாக்கத் தேவல்ல."

இன்னொரு பழக்கமும் அவரிடம் இருந்தது. கேக்கை உள்ளே வைத்தபின், நேரம் ஆகும்வரை கதவைத் திறக்கவே மாட்டார். கண்ணாடி மங்கி ஒன்றும் தெரியாவிட்டாலும் பொறுத்திருப்பார். கதிரையை இழுத்துப் போட்டு அதன் முன்னே உட்கார்ந்துகொள்வார். "வேகிற சாமானுக்கு ஒரு மானம் இருக்கு சேர். அந்தரப்பட்டுத் திறந்து பாத்தா அப்பிடியே இறங்கிடும். மறுகா எழும்பாது." விஞ்ஞானப்படியும் அது சரி. குளிர்காற்று பட்டால் நடு அமுங்கிவிடும். நான் தலையாட்டினேன். அவர் சொன்னது கேக்கைப் பற்றி மட்டும்தான் என்று நினைத்தேன்.

அந்தப் போறணைக்குள் நிரந்தரமாகக் குடியிருந்தது ஒரு கசெட். அடித்தட்டின் கடைசியில், ஒரு பழைய மேசைத் துவாயில் சுற்றி வைத்திருப்பார். அடுப்பைப் போடும் நாளில் கடைசியாக அதை எடுத்து ஜன்னலில் வைப்பார். ஆறியதும் முதலில் உள்ளே போவதும் அதுதான். மகனுக்கு மூத்ததாக அவருக்கு ஒரு மகள் இருந்தாள். பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அதற்கு முந்திய நத்தாருக்கு அந்தப் பிள்ளை பாட்டுப் பழகியதை யாரோ பதிவு செய்திருக்கிறார்கள். பாட்டு பாதியில் நிற்கும். பிள்ளை சமையலறைப் பக்கம் திரும்பி, "அம்மா, கேக் வெந்திட்டா?" என்று கேட்கும். பின்னாலிருந்து இவர், "இன்னும் இல்லகா, நீ பாட்டப் படி" என்பார். அவ்வளவுதான். ஒலிநாடாவுக்குப் பூஞ்சணம் பிடித்தால் குரல் போய்விடும் என்று யாரோ சொன்னதால் அதைப் போறணையில் வைத்தார்.

நான் அதைக் கேட்டதில்லை, அவர் சொல்லித்தான் தெரியும். அவருடைய கசெட் போடும் ரேடியோவின் உள்பெல்ட் இற்றுப்போய்ப் பல வருடம். பெல்ட் தேடித் தருகிறேன், போட்டு ஃபோனிலும் ஏற்றித் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். தேடவில்லை. பிறகு இதையே எனக்குச் சாட்டாகச் சொல்லிக்கொண்டேன். எப்படியும் ஓடாத கசெட், ஓடினாலும் இரைச்சல்தான் இருந்திருக்கும் என்று.

ஒரு மாரியில் கேக்கின் மேல் நன்றாக நிறம் வந்தது, அடி மாவாகவே இருந்தது. "சேர், போறணைக்குக் கால் விளங்கல்ல" என்று வந்து நின்றார். பிளக்கைப் பார்த்தேன். அதற்குள் ஒரு பல்லி கருகிக் கிடந்தது. அதை எடுத்தும் சரிவரவில்லை. டெஸ்டர் வைத்துப் பார்த்தபோது அடித்தகட்டுக்குக் கீழே இருக்கும் சூட்டுக் கம்பி, எலிமென்ட், அறுந்திருந்தது. உதிரிப்பாகம் ஓட்டமாவடியில் ஒரு கடையில் கிடைத்தது. கடைக்காரர் அதைப் பேப்பரில் சுற்றிக்கொண்டே சொன்னார்: "சேர், புதுச் சாமான். முதல் சூட்டில புகையும், மணக்கும். எண்ணெய் பூசித்தான் வாறது. பயந்து ஓஃப் பண்ணிராதீங்க, நல்லா எரிய விடுங்க."

அது எனக்கும் தெரிந்ததுதான்.

அடுத்த நாள் அவருக்கு மாங்கேணியில் சொந்தக்காரர் வீட்டுச் சாவு. வீட்டுத் திறப்பை என்னிடம் தந்தார். உள்ளே இருந்த பாத்திரம், பக்கெட் எல்லாவற்றையும் எடுத்து மேசையில் அடுக்கியிருந்தார். படியிறங்கியவர் திரும்பி, "சேர், போடக்குள்ள உள்ளுக்க ஒருக்காப் பாத்திட்டுப் போடுங்க" என்றார். குடையை விரித்துக்கொண்டு போனார்.

"ஓம் அக்கா, ஓம்" என்றேன்.

எலிமென்டின் முனைகள் பின்பக்கம் இருந்தன. அதனால் ஓவனைத் திருப்பி, கதவு சுவரைப் பார்க்க வைத்துத்தான் பின்தகட்டைக் கழற்றினேன். பழையதை இழுத்து, புதியதைச் செருகி, வயரை முறுக்கினேன். பிறகு திருப்பி வைக்காமலே கரண்டைப் போட்டேன். பாரமான பெட்டி. எனக்கு இடுப்பு வலி. மேசையில் எல்லாம் அடுக்கியிருந்ததால் உள்ளே ஒன்றும் இல்லை என்று நினைத்தேன். புகை வந்தது. வரத்தான் வேண்டும். மணந்தது. மணக்கத்தான் வேண்டும். அந்த மணத்தில் ஏதோ ஒரு இனிப்பு இருந்ததை என் மூக்கு கண்டுகொண்டது. மருமகளின் அரிதட்டு உருகிய அன்று வந்த மணம்தான் அது என்பதும் நினைவில் வந்தது. இருந்தும் கதிரையில் இருந்து பேப்பர் படித்தேன். நல்லா எரிய விடுங்க என்று கடைக்காரர் சொன்னாரே.

திருப்பிப் பார்த்தபோது கண்ணாடி கறுத்திருந்தது. துவாய் சாம்பலாகிப் போயிருந்தது. கசெட் அடித்தகட்டில் கறுப்புக் கூழாகப் படிந்து, ஓரத்தில் நாடா கருகிய மயிர்போலச் சுருண்டு கிடந்தது. நான் மாற்றிப் போட்ட எலிமென்டுக்கு நேர் மேலே.

ஆறும்வரை காத்திருந்து கத்தியால் சுரண்டினேன். பழப்புளி போட்டுத் தேய்த்தேன். எல்லாம் போனது, அடித்தகட்டில் உள்ளங்கை அளவு ஒரு கறையைத் தவிர. சுரண்டியதைப் பேப்பரில் சுற்றி, பின்வளவு வழியாகப் போய் வாவியில் எறிந்தேன். பேப்பர் கொஞ்ச நேரம் மிதந்தது. ஒரு நீர்க்காகம் ஏதோ தீனி என்று அதனருகே வந்து பார்த்துவிட்டுத் திரும்பியது.

அவர் பின்னேரம் வந்தார். என்ன மணம் என்று கேட்டார். புது எலிமென்ட், அப்படித்தான் இருக்கும் என்றேன். அவர் கதவைத் தட்டினார், இரண்டு தட்டு. திறந்து, கையை உள்ளே விட்டு, பின்பக்கம் துழாவினார்.

"சேர், உள்ளுக்க ஒண்டும் கிடக்கல்லயா?"

"இல்லயே அக்கா. எல்லாத்தையும் நீங்கதானே எடுத்து மேசையில வெச்சிருந்தீங்க."

அவர் மேசையைப் பார்த்தார். பிறகு தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார். "அப்ப நான்தான் எங்கயோ வெச்சிட்டன்" என்றார்.

அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் அவரோடு சேர்ந்து தேடினேன். கட்டிலுக்குக் கீழே குனிந்தேன். அலுமாரிக்குப் பின்னே டோர்ச் அடித்தேன். வேதப்புத்தகங்களுக்கு நடுவே கை விட்டுப் பார்த்தேன். "கவலப்படாதீங்க அக்கா, இஞ்சதான் எங்கயாவது கிடக்கும்" என்றும் சொன்னேன். வாவியில் எறிந்த கையாலேயே அவருடைய மகளின் படத்தைத் தூக்கி அதன் பின்னாலும் பார்த்தேன்.

அதற்குப் பிறகு போறணைக்கு ஓயாத நோய் வருத்தம். முதல் அழைப்பு, தட்டை வைக்கும்போது அடியில் என்னவோ கிலுங்குகிறது என்று. நான் போனேன். தகடு சூட்டில் விரியும், ஆறும்போது சத்தம் போடும் என்று விளக்கினேன். தகட்டைக் கழற்றிப் பார்க்கவில்லை. அந்தக் கறைக்கு மேல் கை வைக்க எனக்கு மனமில்லை. அவர் கதிரையில் இருந்தபடி கேட்டார்.

"வேற ஒண்டும் இல்லயா சேர்?"

"வேற ஒண்டும் இல்ல அக்கா."

கிலுங்குகிற கதையை மறுபடி அவர் சொல்லவில்லை. வேறு வேறு முறைப்பாடுகள் வந்தன. அடி பிடிக்கிறது என்றார். தட்டை ஒரு படி மேலே வைக்கச் சொன்னேன். ஒரு பக்கம் மட்டும் கருகுகிறது என்றார். கேக் தட்டு சுவரை முட்டாமல் நடுவில் வையுங்கள், பாதி நேரத்துக்குப் பின் ஒருமுறை திருப்புங்கள் என்றேன். "திறக்கச் சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டு என்னையே பார்த்தார். பின்னேரத்தில் வேகுவதே இல்லை என்றார். ஊர் முழுக்கத் தண்ணீர் மோட்டரும் ரைஸ் குக்கரும் போடுகிற நேரம், கரண்ட் பலம் குறையும், காலையில் சுடுங்கள் என்றேன். கதவு இறுகவில்லை என்றார். ஒரு தாளைக் கதவில் வைத்துச் சாத்தி இழுத்துப் பார்த்தேன், இறுக்கமாகத்தான் இருந்தது. வெந்ததா என்பதே தெரியவில்லை என்றார். இத்தனை காலம் ஈர்க்குக் குத்திப் பார்த்தவருக்கு ஈர்க்கைப் பற்றி வகுப்பெடுத்தேன்.

ஒவ்வொரு தடவையும் முன்னமே தேத்தண்ணி ஊற்றி வைத்திருப்பார். கதிரையை ஓவனுக்கு முன் போட்டு உட்காருவார், கேக் வேகும்போது உட்காருகிற அதே மாதிரி, கையை மடியில் வைத்துக்கொண்டு. நான் விளக்கி முடித்ததும் கேட்பார்.

"வேற ஒண்டும் இல்லயா சேர்?"

"வேற ஒண்டும் இல்ல அக்கா."

வீட்டில் மருமகள் பகிடி பண்ணினாள். "மாமா, போறணை கூப்பிடுது. சட்டையப் போடுங்க." எனக்குச் சிரிப்பு வரவில்லை. தெருவில் அவருடைய குரல் கேட்டால் குளியலறைக்குள் போய்விடுவேன். அந்த வீட்டில் அவர் இல்லாமற் போனால் நிம்மதியாக இருக்கும் என்று ஒரு நாள் நினைத்தேன். நினைத்தது உண்மை.

அந்த நேரத்தில்தான் லண்டனிலிருந்து அவருடைய மகன் ஃபோன் எடுத்தான்.

"அங்கிள், அம்மா எப்பிடி இருக்கா? உண்மையச் சொல்லுங்க. எதையோ காணல்ல காணல்ல எண்டு சொல்றா. கேட்டா என்ன எண்டு சொல்றாவும் இல்ல."

நான் நேரே பதில் சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. நான் சொன்னது இதுதான்: "தம்பி, மறதி கொஞ்சம் கூடிட்டு. வெச்ச சாமான வெச்ச இடம் தெரியாமத் தேடுறா. ஓவன்ல ஒரு பிழையும் இல்ல, பிழை பிழை எண்டு கூப்பிடுறா. கரண்ட் சாமானோட தனிய இருக்கிறா, எனக்கும் பயமாத்தான் கிடக்கு."

படித்த ஆள், பக்கத்து வீடு, சேர். அவன் ஏன் நம்பமாட்டான்? கொழும்புப் பக்கம் முதியோர் இல்லம் ஒன்றில் இடம் பார்த்தான். வீட்டை வாடகைக்கு விட ஒழுங்கு செய்தான். டொக்டரிடம் காட்டினார்களா, காட்டியவர் என்ன சொன்னார் என்றுகூட நான் கேட்கவில்லை. அவர் மறுத்ததாக மருமகள் சொன்னாள். "எனக்கு ஒரு மறதியும் இல்ல" என்று மகனிடம் ஃபோனில் சத்தம் போட்டாராம். பிறகு தானே சாமான் கட்டத் தொடங்கினாராம்.

போகிற அன்று வாசலில் வாடகை வான் நின்றது. இரண்டு ஆட்கள் போறணையைத் தூக்கிவந்து எங்கள் விறாந்தையில் வைத்தார்கள். அவர் பின்னாலே வந்தார். கோயிலுக்குக் கட்டும் வெள்ளைச் சேலை.

"இத நீங்களே வெச்சிருங்க சேர். இதுட வருத்தமெல்லாம் உங்களுக்குத்தானே தெரியும்."

"ஐயோ, எனக்கெதுக்கு அக்கா?"

"வெச்சிருங்க." பிறகு, இத்தனை தடவை கேட்ட அதே குரலில், கோபமும் கெஞ்சலும் இல்லாமல் கேட்டார். "வேற ஒண்டும் இல்லயா சேர்?"

வான்காரன் ஹோர்ன் அடித்தான். "வேற ஒண்டும் இல்ல அக்கா. உடம்பப் பாத்துக்கங்க" என்றேன்.

தலையாட்டினார். மருமகளின் கன்னத்தைத் தடவினார். வானுக்குள் ஏறிக் கண்ணாடிப் பக்கம் உட்கார்ந்தார், கையை மடியில் வைத்துக்கொண்டு.

அடுத்த மாரிக்கு முன்னமே அவர் அங்கேயே இறந்துபோனார். என்ன வருத்தம் என்று சரியாகத் தெரியவில்லை. சாப்பாட்டை ஒதுக்கிவிட்டார் என்று யாரோ சொன்னார்கள்.

ஓவனை நான் களஞ்சிய அறையில் வைத்துச் சாக்கால் மூடினேன். வயரிங் பழுது, கை வைக்காதே என்று மருமகளிடம் சொன்னேன். அந்த அறைக்குள் நெல் மூட்டை இறக்கப் போனாலும் அதற்கு முதுகு காட்டித்தான் நிற்பேன். மழை நாட்களில் உள்ளே ஏதோ தட்டுவது போலக் கேட்கும். கூரைத் தகட்டில் விழும் துளி என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுந்துபோய், கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

போன மாதம் பேத்தியின் பிறந்தநாள். வீட்டு ஓவன் பழுதாகிவிட்டது. நான் மண்டூர்க் கோயிலுக்குப் போன பகலில் மகன் சாக்கை இழுத்துவிட்டு, வயரைச் சோதித்து, பழையதைக் குசினியில் கொண்டுவந்து வைத்துவிட்டான். நான் திரும்பி வந்தபோது மேசையில் கேக் மாவு அடித்துத் தயாராக இருந்தது.

"ஒரு பழுதும் இல்லயாம் மாமா" என்றாள் மருமகள். பிறகு அந்த அம்மாவின் நினைவில், சிரித்துக்கொண்டே கண்ணாடியில் தட்டினாள். இரண்டு தட்டு. "உள்ளுக்க யாரு? வெளிய வாங்க, சுடப் போறன்."

திறந்தவள் கையை உள்ளே விட்டாள். "மாமா, ஒரு துணி கிடக்கு."

அடித்தட்டின் கடைசியில், கசெட் வழக்கமாக இருக்கும் இடத்தில், ஒரு கைலேஞ்சி முடிச்சு. அவிழ்த்து உள்ளங்கையில் கொட்டினாள். கடுகைவிடக் கொஞ்சம் பெரிய ஸ்குரு ஆணிகள் சில. நகம்போல வளைந்த ஒரு செப்புத் தகடு, கசெட்டில் நாடாவை அழுத்திப் பிடிக்க இருக்குமே, அது. கரி போகத் தேய்த்து, மினுங்க மினுங்கத் துடைத்து வைத்திருந்தது.

அடியில் என்னவோ கிலுங்குது சேர்.

நான் சுரண்டியபோது இடுக்கால் தகட்டுக்குக் கீழே விழுந்தவை. அந்த முதல் அழைப்புக்குப் பிறகு அவரே தகட்டைக் கழற்றிப் பார்த்திருக்கிறார். அன்றைக்கே அவருக்குத் தெரிந்திருக்கிறது. அடி பிடித்ததும், ஒரு பக்கம் கருகியதும், கதவு இறுகாததும், வெந்ததா தெரியாததும் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. எனக்குத் தேத்தண்ணி ஊற்றி வைத்துவிட்டு, கதிரையில் இருந்து, பொறுத்துப் பார்த்திருக்கிறார். தட்டினார். நான் திறக்கவில்லை.

"என்ன மாமா இது?"

"பழைய ஸ்குரு மகள். வேற ஒண்டும் இல்ல."

வாய்க்கு அவ்வளவு பழகியிருந்தது அந்த வார்த்தை. அவள் முடிச்சை ஜன்னலில் வைத்தாள். ஈரத்துணியால் அடித்தகட்டைத் துடைக்கத் தொடங்கினாள். அழுத்தித் துடைத்தாள். நிறுத்தினாள்.

"இந்தக் கறை போகுதில்ல. கேக் வழிஞ்சதா மாமா? அன்ரி இப்பிடி விடமாட்டாவே."

நான் கதிரையை இழுத்தேன். அவர் போடுகிற மாதிரியே ஓவனுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தேன். விறாந்தையில் பேத்தி, கேக் எப்போது ஆகும் என்று யாரையோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அது அன்ரி விட்ட கறை இல்ல மகள்" என்றேன். "அடுப்பப் போடாத, கொஞ்சம் இரு. சொல்றன்."